ஓமட்டி கம்பெனி

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், படகு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் ஒரு பழைய படகு என்ஜின் இருந்தது. ஒரே சிலிண்டர்தான், ஆனால் எடை மூன்று யானை இருக்கும். நான் எதையும் குறைத்தே சொல்பவன். உடைப்புக்குப் போன ஒரு படகிலிருந்து கழற்றி வந்து, பெற்ற பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் எண்ணெய் தேய்த்து வைத்திருந்தார். இப்போது வீட்டை விற்றுவிட்டு மகளுடைய நாலாவது மாடிக்குக் குடிபோக வேண்டிய நிலை. அதுவோ செருப்பைக் கழற்றி வைக்கவே வரிசையில் நிற்க வேண்டிய வீடு.

துறைமுகத்தை ஒட்டி ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. அங்கே போய்க் கேட்டோம். பொறுப்பாளர் அம்மாள் நாங்கள் கொண்டுபோன என்ஜின் போட்டோக்களைப் புரட்டினார்.

“யாரு செஞ்சதுன்னே தெரியாத என்ஜின் எங்ககிட்ட ஏற்கெனவே நாலு கெடக்கு சார். செஞ்ச கம்பெனி பேரைக் கொண்டாங்க, நாளைக்கே வண்டி அனுப்புறேன். பேர் இல்லேன்னா எடமும் இல்ல.”

பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு தடவை வந்து, என்ஜினைக் கண்ணாலேயே எடை போட்டுவிட்டுப் போயிருந்தார். பெயர் கிடைக்காவிட்டால் அது நேரே உலைக்குத்தான்.

“கவலைய விடுங்க மச்சான், நான் கண்டுபிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

நான் பல் டாக்டர். நான் பிடுங்கிய பற்களை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பெயரா பெரிது?

பெயர் இருந்த இடம்தான் பெரிது. என்ஜினின் அடிவயிற்றில், கனத்த சுழல்சக்கரத்துக்குப் பின்னால், இரும்போடு இரும்பாக வார்த்த எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கண்ணுக்குத் தெரியவில்லை. செல்போனும் நுழையாத இடுக்கு. சக்கரம் துருவேறி அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்றார் மச்சான். எனக்கு இது கடைசிக் கடவாய்ப்பல் மாதிரிதான் பட்டது. நீளக் காம்பு வைத்த வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் படித்தேன். ஆங்கில எழுத்து ஐந்து: ஓ, எம், ஏ, டி, ஐ.

நான் படிப்பாளி, ஒரே ஒரு சாட்சியை வைத்து நம்பிவிட மாட்டேன். பல்லுக்கு அச்செடுக்கும் ரப்பர்ப் பசையைக் குழைத்து உள்ளே அழுத்தி, உறைந்ததும் உரித்தெடுத்தேன். அதிலும் அதே ஐந்து. ஓமட்டி!

“பேரே ஓமட்டுது. வேற பேரு கெடைக்கலியாமா அவங்களுக்கு?” என்றாள் மனைவி.

பிறகு தொடங்கியது வேட்டை. ஆரம்ப காலத்தில் படகு என்ஜின் செய்தவர்களில் பாதிப்பேர் யாருக்கும் தெரியாதவர்கள். சைக்கிள் செய்தவன், தையல் மிஷின் செய்தவன், பம்ப் செய்தவன் எல்லாம் நாலு என்ஜின் வார்த்துப் பார்த்துவிட்டுக் காணாமல் போயிருக்கிறான். அவர்களைப் பற்றிய புத்தகங்களை நான் தின்றே தீர்த்தேன். பொறுப்பாளர் அம்மாளும் மனசு இளகி எனக்காக எழுதிக் கேட்காத நாடில்லை. பென்குயின்களுக்கு மட்டும்தான் எழுதவில்லை. எங்கிருந்தும் பதில் ஒன்றுதான்: ஓமட்டியா, கேள்விப்பட்டதே இல்லை.

வீடு கைமாறும் வாரமும் வந்துவிட்டது. மச்சான் என்ஜினைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவரைத் தேற்றுவதற்காக, நெஞ்சில் ஓமட்டி என்று ஆங்கிலக் கொட்டை எழுத்தில் போட்ட பனியன் இரண்டு அச்சடித்து வாங்கினேன். ஒன்றை மாட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் முடியைச் சீவலாம் என்று பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன்.

கண்ணாடியில் ஓமட்டி இல்லை. இட்டாமோ என்று இருந்தது.

நான் போட்ட கத்தலில் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பதிலுக்கு ஊதின. மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்னங்க, நெஞ்சு வலியா?”

“கண்ணாடி! வாய்க்கண்ணாடி! திருப்பிக் காட்டியிருக்கு! பசையும் திருப்பித்தான் காட்டும்!”

ஐந்தும் இடம் வலமாகத் திருப்பினாலும் முகம் மாறாத எழுத்துகள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றியிருந்தால் நேராக வந்திருக்கும். பல்லாக இருந்தால் ஊற்றியிருப்பேன். வெறும் எழுத்துதானே என்று விட்டுவிட்டேன். வாய்க்குள் எல்லாவற்றையும் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவனுக்குக் கண்ணாடி இருப்பதே மறந்துபோகும்.

மனைவி பனியனைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை.

“இத்தனை வருஷமா எல்லாருக்கும் சரியான பல்லைத்தான பிடுங்கினீங்க?”

மச்சானுக்குப் போன் போட்டேன். கொட்டகையை இழக்கப் போகிறவர். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். விக்கல் வரும்வரை சிரித்தார் அந்த மனிதர்.

“மாப்ள, அப்ப ஓமட்டி கம்பெனி?”

“என் கண்ணாடிக்குள்ளதான் நடந்துச்சு மச்சான்.”

இருவருமாக அருங்காட்சியகத்துக்கு ஓடினோம். எழுதி எழுதிக் கையொடிந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இட்டாமோவா?” என்று கேட்டுவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்.

பின்கட்டு அறையில், பாலிலிருந்து வெண்ணெய் பிரிக்கும் கைமிஷின் ஒன்று நின்றது. அதன் வயிற்றில் அதே ஐந்து எழுத்து, நேராக.

“தெனம் இது மேலதான் சாப்பாட்டு டப்பாவ வைக்கிறேன்” என்றார் அம்மாள். “ஆனா பேர் ஒத்துப்போனா மட்டும் போதாது சார். அதே பேர்ல வேற ஆளும் இருந்திருக்கலாம்ல?”

பையிலிருந்து ரப்பர் அச்சை எடுத்து அந்த எழுத்துகளின் மேல் வைத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்த பல்செட்போல் ‘டப்’பென்று உட்கார்ந்தது. எம் எழுத்தின் ஒரு காலில் இருந்த மூளி உள்பட எல்லாம் பொருந்தியது. இரண்டிலும் எழுத்துகளை ஒரே மர அச்சை வைத்து வார்த்திருக்கிறார்கள்.

“பால் ஏத்துற படகுக்குன்னு செஞ்சிருப்பாங்க” என்றார் மச்சான் மெதுவாக. “மிஷினை வித்த எடத்துக்கே படகு என்ஜினும் வித்திருப்பாங்க.”

அம்மாள் அச்சை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் வைத்தார். பிறகு வண்டிக்காரருக்குப் போன் செய்தார்.

என்ஜின் இப்போது முன்கூடத்தில் நிற்கிறது. எண்ணெய் போடும் வேலையை அம்மாள் மச்சானிடமே விட்டுவிட்டார்; அவர் தினமும் நாலாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறார். போன வாரம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, அவர் பார்வையாளர்களுக்குச் சொல்வதைக் கேட்டேன்.

“இது இட்டாமோ. ரொம்பப் பேருக்குத் தெரியாத கம்பெனி. கண்டுபிடிச்சது எங்க மாப்ள.”

“எப்படிங்க கண்டுபிடிச்சாரு?” என்றாள் ஒருத்தி.

“அவரு பெரிய டாக்டரும்மா” என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குமேல் அவர் சொல்லாமல் விழுங்கிய அத்தனைக்கும் நன்றி சொல்ல, தூணைவிட்டு வெளியே வந்தேன்.