மாமியார் பேரில் ஒரு சேலை

பெர்மாஸ் ஜெயாவில் செல்வராணி ஒரு பொருளைச் சொன்ன விலைக்கு வாங்கினாள் என்று யாராவது கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் அக்கம்பக்கத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இரவுச் சந்தையில் மீன் விற்கிறவர் அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே விலையை இரண்டு வெள்ளி ஏற்றிவைத்துக்கொள்வார். அவள் மூன்று வெள்ளி இறக்குவாள். பேரங்காடியில் அன்றைய ரொட்டிக்கு எப்போது பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள் என்பது, ஒட்டுகிற பெண்ணைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காக அவளைக் கஞ்சம் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவள் வீட்டுக்கு வந்தவர் யாரும் அரை வயிற்றோடு திரும்பியதில்லை. பணம் கொடுப்பதில் அவளுக்கு வருத்தமே இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டோமோ என்கிற எண்ணம் வந்தால்தான் அன்று தூக்கம் வராது.

கைப்பேசியில் கடை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். புதிதாகக் கணக்குத் திறக்கிறவர்களுக்கு விலையைக் குறைக்கிற வவுச்சர் உண்டு என்று தெரிந்ததும் தன் பேரில் ஒன்று திறந்தாள். கணவர் லெட்சுமணன் பேரில் ஒன்று திறந்தாள். வீட்டில் ஆள் தீர்ந்துபோனதும், ஆறு வருஷத்துக்கு முன்னால் காலமான மாமியார் கருப்பாயி பேரிலும் ஒன்று திறந்தாள். உயிரோடு இருந்தவரை மருமகளுக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராத கருப்பாயி, போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வெள்ளி கழிவு வாங்கித் தந்தார். "எங்க மாமியார் தங்கமானவங்க" என்று செல்வராணி அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாள்.

லெட்சுமணனுக்கு இதிலெல்லாம் குறை இல்லை. அவருக்கு இருந்த ஒரே குறை சாலை விஷயம்தான். குளுவாங்குக்குப் போவதென்றால் டோல் கட்டுகிற ஹைவேயில் ஏறவிட மாட்டாள். பழைய ரோட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால், ஊர்ந்துகொண்டே போக வேண்டும். குளுவாங்கில் இருப்பவள் அவளுடைய ஒரே தங்கை ரூபினி. ஆனால் தைப்பூசத்துக்குப் பிறகு அந்தப் பழைய ரோட்டுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். ரூபினி தன் வீட்டு முன்னறையில் சேலை வியாபாரம் தொடங்கினாள். முதல் நாள், கூடம் நிறையப் பெண்கள். செல்வராணி ஒரு சேலையை எடுத்து முந்தானையைப் புரட்டினாள், கரையை விரலால் நிமிண்டினாள், பிறகு பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"நூத்தி எம்பதா? கோலாலம்பூர்ல இதே சேலை நூத்தி இருபதுக்குக் குடுக்குறாங்க லா!"

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சேலையைக் கையில் எடுத்தால் அவளுக்கு வாய் தானாக அப்படித்தான் பேசும். ஆனால் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அது காதில் விழுந்தது. எல்லாரும் நூற்றிருபதுக்குக் கேட்டார்கள். ரூபினி முடியாது என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"ஊர்க்காரங்க பேரம் பேசுனா வியாபாரம். நீயே பேசுனா எனக்கு அவமானம்க்கா" என்றாள் ரூபினி.

"உள்ளதைச் சொன்னா குத்தமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்தாள் செல்வராணி. அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். அது அவளுக்கும் தெரியும், அன்றைக்குக் கார் ஏறும்போதே தெரியும். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

இப்போது தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அம்மா இறந்த வருஷத்திலிருந்து தங்கைக்குத் தாய்வீட்டுத் தீபாவளிச் சேலை செல்வராணி கையால்தான் போகும். ஒரு வருஷம் தவறியதில்லை. இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷமும் தவறும். அப்புறம் கல்யாணத்திலும் காரியத்திலும் மட்டும் தலையாட்டிக்கொள்கிற உறவாகிவிடும். ஆனாலும் போன் செய்ய மனசு வரவில்லை. மூத்தவள் அல்லவா, கிரீடம் இறங்கிவிடும்.

"ஒரு போன் போட்டா என்ன?" என்றார் லெட்சுமணன்.

"அவ போடட்டும். நான்தான் பெரியவ."

"உலகத்துல எல்லாத்துக்கும் கழிவு கேக்குற. உன் கோவத்துல மட்டும் ஒரு காசு குறைக்க மாட்டேங்குறியே, ராணி."

அவள் அவருடைய தேநீரில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்தாள்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ரூபினி இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதே கைப்பேசிக் கடையில் நேரலை போட்டுச் சேலை விற்கிறாள். ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டுவாள், பார்க்கிறவர்கள் எழுதுவதை வாசித்துப் பதில் சொல்வாள். அக்காவும் ஒரு வாரம்கூட விடாமல் மாமியார் கணக்கில் நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் எழுதியதில்லை, எதுவும் வாங்கியதில்லை. "கருப்பாயி அம்மா வந்திருக்காங்க, வாங்கம்மா!" என்று ரூபினி வரவேற்கும்போது மட்டும், தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு ஓசையில்லாமல் சிரிப்பாள்.

அந்த ஞாயிறும் லெட்சுமணன் குட்டித் தூக்கம் போட்டதும் நுழைந்தாள். தங்கை மெலிந்திருந்தாள், குரல் கட்டியிருந்தது. கையில் ஒரு பாக்கு நிறச் சேலை, மயில் கழுத்துக் கரை.

"நூத்தி அறுபது வெள்ளி, சிஸ்டர்ஸ். ஒன்னே ஒன்னுதான் இருக்கு."

ஒருத்தி குறைக்கச் சொல்லி எழுதினாள். ரூபினி சிரித்துச் சமாளித்தாள். இன்னொருத்தி எழுதினாள்: "இதே சேலை வேற லைவ்ல நூறு வெள்ளிதான்."

ரூபினி வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அவள் முகம் அன்றைக்குக் கூடத்தில் வாடிய மாதிரியே வாடிப்போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். செல்வராணிக்கு உடம்பெல்லாம் ஆடியது. நூறு வெள்ளியாமே, நூறு வெள்ளி! துணியைத் தொட்டுப் பார்த்தாளா அவள்? கரையைப் பார்த்தாளா? யாரோ ஒருத்தி மேல் வந்த கோபம் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு, திரும்பிவந்து தன் மேலேயே உட்கார்ந்தது. அன்றைக்கு நான் செய்ததும் இதைத்தானே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒற்றை விரலால் எழுதினாள். "சொன்ன விலைக்கே எனக்கு வேணும். நல்ல சேலை. இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது."

ரூபினி அதை வாசித்தாள். பிறகு ஒருமுறை மனசுக்குள்ளும் வாசித்துக்கொண்டாள் போலிருந்தது.

"கருப்பாயி அம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? விலை பேச மாட்டீங்க?"

"மாட்டேன்."

பணம் கட்டும் இடத்தில், தங்கை கடையின் பத்து வெள்ளி வவுச்சர் கண் சிமிட்டியது. அவள் விரல் தானாக அதன் மேல் போயிற்று. அந்தப் பத்து வெள்ளி தங்கையின் லாபத்திலிருந்துதானே போகும் என்று விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பல்லைப் பிடுங்குவதுபோல் வலித்தது, ஆனாலும் இழுத்துக்கொண்டாள். முழு விலையும் கட்டினாள்.

"சோல்ட்! கருப்பாயி அம்மாவுக்கு" என்றாள் ரூபினி. "அட்ரஸ் அனுப்புங்கம்மா. போஸ்டேஜ் எட்டு வெள்ளி ஆகும்."

எட்டு வெள்ளி என்றதும் செல்வராணியின் பழைய ரத்தம் கொதித்தது. அங்கிருந்து இங்கே வர எட்டு வெள்ளி. இங்கிருந்து அதையே தீபாவளிச் சேலையாக இன்னொரு பொட்டலம் கட்டி அங்கே அனுப்ப மறுபடியும் எட்டு வெள்ளி. யார் வீட்டுப் பணம்? யோசிக்காமல் எழுதிவிட்டாள்.

"அனுப்ப வேணாம். போஸ்டேஜ் எதுக்கு வேஸ்ட்டா? அது உனக்குத்தான். தீபாவளிக்கு நீயே கட்டிக்க."

எழுதியது திரையில் ஏறிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. அலமாக், ஐயோ! அழிக்கவும் தெரியவில்லை. ரூபினி இதைச் சத்தமாக வாசிக்கவில்லை. சேலையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் நிறுத்துறேன், சிஸ்டர்ஸ்" என்றாள். நேரலை அணைந்தது.

உடனே செல்வராணியின் கைப்பேசி அடித்தது.

"கருப்பாயி அம்மாவா?" என்றது ரூபினியின் குரல். "மேலோகத்துல லைன் நல்லா கிடைக்குதா?"

"எப்பத் தெரியும்டி உனக்கு?"

"முத வாரமே. உன் மாமியார் காரியத்துக்கு வந்து உன்னைவிடச் சத்தமா அழுதவ நான். அவங்க பேரு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு எழுதுவா, நாளைக்கு எழுதுவான்னு வாரா வாரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அன்னிக்கு நான் பேசுனது தப்புடி" என்றாள் செல்வராணி. அதை ஒரு காசு குறைக்காமல் முழுசாகச் சொன்னாள்.

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி விடு. ஆனா டெலிவரி இல்லாம நான் எதையும் விக்கிறதில்ல. தீபாவளியன்னிக்குக் காலையில அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு நானே வர்றேன். டோலுக்குப் பயந்து பழைய ரோட்லதான் வரணுமா?"

"ஹைவேயிலயே வா" என்றாள் செல்வராணி. "டோல் காசு நான் குடுக்குறேன். சீக்கிரம் வந்து சேரு."

சோபாவில் படுத்திருந்த லெட்சுமணன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளாக லாரிப் புகை குடித்த மனுஷர் அவர். தான் கேட்டது கனவா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் தங்கையிடம் சொன்னாள்: "திரும்பிப் போறப்ப மட்டும் பழைய ரோட்ல போ. போறதுக்கு என்ன அவசரம்?"