உயரமானதை விட்டுவிடுங்கள்

என் மனைவியிடம் மூட்டையின் எடையைப் பற்றிப் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. மலையேறுகிறவர்களுக்குக் கயிறும் காலணியும் வாடகைக்குக் கொடுக்கிற கடை எங்களுடையது. சாலை முடிகிற இடத்தில், பேருந்து திரும்புகிற வளைவுக்கு எதிரே இருக்கிறது. கடைக்கு நான் முதலாளி. அவள் மலைக்கே முதலாளி மாதிரி நடந்துகொள்வாள். பாதையைப் பராமரிக்கிற தொண்டர் குழுவுக்கு அவள்தான் தலைவி. மண் அரித்த இடத்தில் படி கட்டுவது, தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டுவது, குறுக்கே மிதித்துப் புல்லைச் சாகடிக்கிறவர்களை வாயாலேயே விரட்டுவது எல்லாம் அவள் இலாகா.

அன்று காலை ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு கிழக்குச் சுவரில் ஏறக் கிளம்பினாள். செங்குத்துப் பாறை. கயிறு போட்டு ஏற வேண்டும். அங்கே ஒவ்வொரு கிராமும் தோளைப் பிடுங்கும் என்பது அவள் கட்சி. வழிகாட்டும் கருவியைப் பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"உள்ளங்கை அளவுதான் இருக்கு. அதையும் எதுக்கு வெளிய எடுக்கற?" என்றேன்.

"நம்ம வீட்டு அடுக்களைக்குப் போக நீங்க மேப்பா வச்சிருக்கீங்க? இறங்கறது மொட்டை மாடி வழியாத்தானே. வழிக்கல் இருக்கு, பாத்துப்பேன்."

மொட்டை மாடி என்று நாங்கள் சொல்வது மலையின் உச்சிக்குக் கீழே விரிந்து கிடக்கிற பெரிய பாறைத் தளத்தை. மரம் கிடையாது, செடி கிடையாது, கைப்பிடிச் சுவரும் கிடையாது. உச்சிப் பக்கம் தவிர மற்றப் பக்கமெல்லாம் விளிம்பு. கீழே இறங்க ஒரே ஒரு பிளவுதான் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மூடுபனி இறங்கினால் வழிக்கற்கள்தான் கதி. அவை பாதையோரம் வரிசையாகக் குவித்து வைத்த கற்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நானும் அவளும் இன்னும் சிலரும் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்தவை.

அடுத்து டாக்டரோடு மல்லுக்கு நின்றேன். வாத்து இறகு அடைத்த கோட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார். பஞ்சுப் பொதி மாதிரி லேசு, அழகு, நல்ல விலை. ஆனால் நனைந்தால் இறகு சுருண்டு, உடம்பில் ஈரத்துணி ஒட்டியதற்குச் சமம். "செயற்கை நாரு வச்சது தர்றேன், நனைஞ்சாலும் சூடு நிக்கும், அதைப் போட்டுக்குங்க டாக்டர்" என்றேன். "மழையே இல்லையே" என்று சிரித்தார். பற்கள் நன்றாகத்தான் இருந்தன.

ரேடியோவை எடுத்துக்கொள்ளாவிட்டால் கயிறு கிடையாது என்று நான் கடைக்காரனாகப் பேசிய பிறகு, என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே அதை மட்டும் பையில் போட்டாள்.

மதியத்துக்குமேல் மேகம் இறங்கியது. மலை இடுப்புக்கு மேலே காணாமல் போனது. அந்த நேரம் பார்த்து, பாதை வேலைக்கு வந்திருந்த தொண்டர்கள் டீ குடிக்கக் கடைக்குள் நுழைந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு வங்கி அதிகாரி. எல்லாருக்கும் பேங்க்கம்மா. சுறுசுறுப்பானவர், சொன்ன வேலையை ஒரு படி கூடவே செய்கிறவர். முந்தின நாள் மொட்டை மாடியில் செய்த வேலையைப் போனில் காட்டினார்.

அங்கே கொஞ்ச காலமாகவே ஒரு தொல்லை. வருகிறவர்கள் கல்மேல் கல் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் அடுக்கினால் அடுத்தவருக்குக் கை துறுதுறுக்கிறது. கல்லைப் பிடுங்கிய இடத்தில் மண் ஓடுகிறது. போதாக்குறைக்கு, எது வழி எது விளையாட்டு என்று தெரியாமல் போகிறது. அதனால் என் மனைவி போனிலேயே உத்தரவு போட்டிருந்தாள்.

"அக்கா சொன்னது மாதிரியே செஞ்சோம் அண்ணே. சின்னதையெல்லாம் கலைச்சாச்சு. உயரமானதை மட்டும் விட்டிருக்கோம்" என்றார் பேங்க்கம்மா.

படத்தைப் பார்த்தேன். கலைத்துப் போட்ட கற்கள்மேல் கற்பாசி அப்பியிருந்தது. சாம்பலும் ஆரஞ்சுமாக, தடிமனாக. நகக்கண் அளவு கற்பாசி வளரவே பல வருஷம் பிடிக்கும். போன மாதம் எவனோ அடுக்கிய கல்லில் அது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பாலம் போட்டு வளராது. அடுத்த படத்தில் விட்டுவைத்த உயரமான அடுக்கு. நேர்த்தியான அடுக்கு, ஆள் உயரம். அதற்குப் பின்னால் வானம். வானம் மட்டும்.

நாங்கள் வைத்த வழிக்கற்கள் பனியிலும் காற்றிலும் சரிந்து சரிந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. என் மனைவியின் மனசில் மட்டும் அவை இன்னும் தோள் உயரம். படம் எடுக்க வந்தவர்கள் அடுக்கியதுதான் இப்போது உயரம். அவர்கள் எங்கே அடுக்குவார்கள்? படம் எங்கே நன்றாக விழுமோ அங்கே. விளிம்பில்.

ரேடியோவை எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"மொட்டை மாடிதான். கண்ணே தெரியல. ரெண்டு கல்லைத் தாண்டியாச்சு, மூணாவதைத் தேடிக்கிட்டிருக்கேன்."

"நில்லு. ஒரு அடிகூட எடுத்து வைக்காத."

விஷயத்தைச் சொன்னேன். பேச்சில் என்றைக்கும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காதவள், "சரி, நிக்கறேன்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "டாக்டர் கோட்டு நனைஞ்சு போச்சுங்க. பேச்சு குழறுது. எங்கிட்ட இருந்ததைப் போர்த்தி விட்டிருக்கேன். இருட்டினா இவர் தாங்க மாட்டார்."

அந்தப் பாறையில் இரும்பு அதிகம். திசைகாட்டியின் முள் அங்கே குடித்தவன் மாதிரி சுற்றும். எடையென்று அவள் தன் போனையும் வீட்டிலேயே விட்டிருந்தாள்; டாக்டரின் போன் படம் எடுத்தே உயிரை விட்டிருந்தது. அவர்களால் நகரவும் முடியாது, இருக்கவும் முடியாது.

வாசலில் நின்றிருந்த பேருந்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சுற்றுலாவுக்கு வந்திருந்தார்கள். பேருந்தை ஓட்டுவது என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. வீட்டில் விளக்கு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் வியர்த்துக் கொட்டுகிற வீரன். இத்தனை வருஷம் மலையடிவாரத்தில் வண்டி ஓட்டியும் முதல் படிக்கட்டைத் தாண்டியதில்லை. அதற்காக நான் அவனைக் கிண்டல் செய்யாத நாளும் இல்லை. நான் கடையிலிருந்த கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டதும், ஆசிரியர்கள் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொண்டார்கள். அவனும் ஒரு கோட்டை எடுத்தான்.

"நீ எங்க மச்சான் வர்ற?"

"அது எங்க அக்கா, மாமா" என்றான். நான் அவனுக்கு ஒரு தொப்பியை நீட்டினேன்.

பிளவு வழியாக ஏறி மேலே வந்தபோது எதிரே ஒன்றுமில்லை. பால் கொட்டிய மாதிரி ஒரே வெள்ளை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எங்கோ என் மனைவி விசில் ஊதுவது கேட்டது. ஆனால் மூடுபனியில் சத்தத்துக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அவள் கூப்பிட்டாள்.

"கல் இல்லேன்னா ஆள் நிக்கட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. முதல் ஆள் பிளவின் வாயில் நிற்பார். அவர் கண்ணுக்கு எட்டுகிற கடைசி இடத்தில் அடுத்த ஆள். அவருக்கு எட்டுகிற இடத்தில் இன்னொருவர். நின்றவர் நகரக்கூடாது.

முதல் இடம்தான் முக்கியம். அதைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் பாதாளம். என் மைத்துனனை அங்கே நிறுத்தினேன்.

"நான் சொல்ற வரைக்கும் நகராத மச்சான். விடாம குரல் குடு."

"கீழ பாக்காம இருந்தா போதும்ல மாமா?"

"போதும்."

நாங்கள் முன்னே போனோம். கலைந்த கற்கள் இருந்த இடத்தில் பாறை வெளுத்துத் தெரிந்தது. அந்த வெளுப்பைத் தேடித் தேடி நகர்ந்தோம். ஒவ்வொருவராக நின்றார்கள். விஞ்ஞான வாத்தியார், தையல் டீச்சர், தொண்டர்கள். பின்னால் "இங்க, இங்க" என்று என் மைத்துனனின் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. உயரமான முதல் அடுக்கு வந்த இடத்தில் ஆள் தீர்ந்துவிட்டது. விசில் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து பேங்க்கம்மா கூப்பிட்டார். "அண்ணே, என் இடத்துல கல்லு நிக்குது. நான் முன்னால வரட்டுமா?"

நின்ற நேரத்தில் அவர் சும்மா நிற்கவில்லை. தான் நேற்றுக் கலைத்த கற்களையே பொறுக்கி, இடுப்பு உயரத்துக்குத் திரும்ப வைத்திருந்தார். விரல்களில் தோல் கிழிந்திருந்தது. அந்தச் செய்தி வரிசையில் வாய் வாயாகப் பின்னால் போனது. சற்று நேரத்தில் மூடுபனிக்குள் எல்லா இடத்திலும் கல்மேல் கல் விழுகிற சத்தம். வைத்து முடித்தவர் வரிசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார், புது இடத்தில் நின்றார், மறுபடி குனிந்தார். கம்பளிப்பூச்சி நகர்கிற மாதிரி அந்த மனிதவரிசை மலைமேல் நகர்ந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு என் மனைவியின் பெயர்கூடத் தெரியாது. நான் எத்தனையோ சிகரம் பார்த்தவன். அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

என் இடுப்பில் கயிறு கட்டி, விஞ்ஞான வாத்தியார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் தவழ்ந்துதான் போனேன். வெள்ளைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. அவள்தான். டாக்டரை மடியில் சாய்த்து, தன் கோட்டு, தன் கையுறை, கயிறு எல்லாவற்றையும் அவர்மேல் சுற்றி வைத்துக்கொண்டு, உதட்டில் விசிலோடு உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்காக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

டாக்டருக்கு நார்க் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது காற்று மாறியது. ஒரு திரையை இழுத்த மாதிரி மூடுபனி கிழிந்தது.

அவள் தேடிக்கொண்டிருந்த மூன்றாவது அடுக்கு எங்களுக்கு எதிரே, நான்கைந்து எட்டில் நின்றது. அதற்கு அப்பால் பூமி இல்லை. எங்கள் காலுக்குக் கீழே பருந்து ஒன்று பறந்தது. அதற்கும் கீழே மேகம், சாய்ந்த வெயிலில் பொன்னாகக் கொதித்துக்கொண்டு, அடிவானம் வரைக்கும். அதிலிருந்து மூன்று சிகரங்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. எங்களைக் கொல்லப் பார்த்த இடம் அத்தனை அழகாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், மொட்டை மாடியின் அந்தக் கோடி வரைக்கும் புதிய கற்குவியல்கள், அவற்றில் கை வைத்துக்கொண்டு மனிதர்கள். நான் கும்பிடுகிற ஜாதியில்லை. என் கைகள் தாமாகக் குவிந்தன.

என் மனைவி என் கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினாள்.

"எங்க போற?"

"அதைப் பிரிச்சுட்டு வந்துடறேன். நாளைக்கு இன்னொருத்தர் நம்பி வருவாங்க."

வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அவள் ஒவ்வொரு கல்லாக இறக்கி, உள்பக்கம் கொண்டுவந்து படுக்க வைத்தாள். தான் போட்ட உத்தரவைத் தன் கையாலேயே பிரித்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

பிறகு நடந்தோம். நாங்கள் தாண்டியதும் ஒவ்வொருவரும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியர்கள் டாக்டரைத் தாங்கிப் பிடித்தார்கள். அதற்குள் மலை முழுக்கத் தெளிந்துவிட்டது. பிளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அதன் வாயில் என் மைத்துனன் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றுகொண்டிருந்தான். கண்கள் இறுக மூடியிருந்தன. தொண்டை கிழிந்து, சத்தமே இல்லாமல் உதடு மட்டும் "இங்க, இங்க" என்று அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் இடம் மாறியிருந்தோம். அவனிடம் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"டேய்" என்றாள் என் மனைவி.

"அக்கா, வந்துட்டியா?" குரல் வெறும் காற்றாக வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. "டாக்டர்?"

"அவரும் வந்துட்டார்."

"அப்ப ஒவ்வொருத்தரா என் தோளைத் தொட்டுட்டு இறங்குங்க. நான் கடைசியா வர்றேன். நான் நகர்ந்தா வழி போயிடும்."

பனி விலகிவிட்டது, கண்ணைத் திற என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

விஞ்ஞான வாத்தியார் அவன் தோளைத் தொட்டார். தையல் டீச்சர் தொட்டார். பேங்க்கம்மா கிழிந்த விரல்களால் தொட்டார். டாக்டரைப் பிடித்திருந்தவர்கள் அவர் கையை எடுத்து வைத்தார்கள். பளிச்சென்ற வெயிலில், எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற அந்த வழியில், அத்தனை பேரும் அவனைத் தொட்டுத்தான் இறங்கினார்கள். நானும் தொட்டேன்.

கடைசியாக அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாரும் இறங்கியாச்சுடா. இப்ப நீ நகரலாம்."