மேடையில் ஆடிய விரல்

பொன்னழகி பஸ் கம்பெனி இலவசக் கண் முகாம் நடத்தப்போகிறது என்றதும், கிழிந்த சீட்டை எப்போது தைப்பார்கள் என்றுதான் பள்ளத்தூரில் கேட்டார்கள். "அது ரிப்பேரு. இது சமூகப் பொறுப்பு" என்றார் முதலாளி முத்துராமன்.

முகாமில் யார் கண்ணை முதலில் பார்ப்பது என்று கம்பெனிக்குள் தகராறு. கோயிலில் முதல் விபூதிக்கு மல்லுக்கு நிற்கிற ஊர்தானே. மூத்த டிரைவர்கள் இருவர்: காளிதாஸ், தங்கச்சாமி. எந்தச் சபையிலும் தன் கழுத்தில் முதல் மாலை விழுந்ததில்லை என்ற குறை காளிதாசுக்கு. சண்டை போட்டு முதல் இடத்தை வாங்கிவிட்டார்.

அவர் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு மட்டும் உதறல். பக்கத்து வீட்டுக்காரியான எனக்குக் காரணம் தெரியும். சில மாதங்களாக மனிதர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறார்.

"வேணாங்க. ஸ்டியரிங்கப் புடுங்கிட்டா சோத்துக்கு எங்குட்டுப் போறது?"

"அடி போடி. மிஞ்சிப்போனா ஒரு கண்ணாடி குடுப்பாக. மாட்டிக்கிட்டு ஓட்டுறேன்."

மேடையில் மாலை விழுந்தது. டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார். காளிதாசின் காதோரத்தில் விரலை ஆட்டினார். கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

"எந்த விரலு தாயி?" என்றார் காளிதாஸ்.

வேடிக்கை காட்டுகிறார் என்று சிரித்தோம். விரல் கன்னத்தைத் தாண்டி முன்னால் வந்தும் அதையே கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. முந்தின நாள்தான் அவர் ஓட்டிய பஸ்ஸில் காரைக்குடி போய் வந்திருந்தோம்.

கண் நரம்பு வாடிவிட்டதாம். ஓரப் பார்வை போய்விட்டது. இனி பஸ் ஓட்டக்கூடாது. மிச்சப் பார்வையாவது தங்க, உடனே மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டாக்டரம்மா முடிப்பதற்குள் முத்துராமன் மைக்கைப் பிடித்தார். "பாத்தீகளா நம்ம முகாமோட பலனை!" ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ.

ஸ்டியரிங் தங்கச்சாமிக்குப் போனது. காளிதாஸ் பொன்னாடையோடு போஸ்டராகி பஸ்ஸின் முதுகில் ஒட்டப்பட்டார். ஆளைக் கம்பெனி கைவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஊர் ஊராக முகாமுக்கு அழைத்துப்போய், மேடையில் அதே விரல் சோதனையைச் செய்துகாட்ட வைத்தார்கள். பேட்டா உண்டு. மதுரைக்கு எப்போது என்று வள்ளிக்கண்ணு கேட்டால், "முகாமெல்லாம் முடியட்டும்மா, கம்பெனி கார்லயே அனுப்புறோம்" என்று பதில்.

"நீங்க கேட்டாத்தான் என்ன?" என்று அவள் புருஷனை நச்சரிப்பது என் அடுப்படி வரை கேட்கும்.

"போற ஊருல எல்லாம் மொத மாலை எனக்குத்தாண்டி. கெடுக்காத."

சில மாதம் கழித்து, கண்டனூர் முகாமுக்கு வள்ளிக்கண்ணுவோடு நானும் போனேன். டிபன் பாக்ஸ் தருகிறார்களே. அன்றைக்கு வேறொரு டாக்டர். பக்கவாட்டுக்குப் போவதற்கு முன் விரலைக் காளிதாசின் மூக்குக்கு நேராக நிறுத்தி, "இது தெரியுதா?" என்றார்.

"எந்த விரலு தாயி?"

ஆண் டாக்டரைப் பார்த்துத் 'தாயி' என்றதும் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மனப்பாடம் பண்ணிய வசனத்தை மனிதர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார் என்று முத்துராமனும் சிரித்தார். காளிதாஸ் சிரிக்கவில்லை. கையை நீட்டி, எதிரே இருந்த காற்றைத் துழாவினார். மாலை தோளிலிருந்து நழுவியது. அதைக்கூட அவர் எடுக்கவில்லை.

என் பக்கத்திலிருந்த வள்ளிக்கண்ணு எழுந்து மேடைக்கு ஓடினாள். கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.