காய்ந்தால் செட் ஆகிவிடும்

புருஷன் எபினேசர் பிசியோதெரபிக்குக் கிளம்பி, அவன் செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகுதான் ஃபெபா கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேசையில் ஆறு பொம்மைச் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தனும் சுண்டுவிரல் உயரம். விண்கலம் உடைந்து ஏதோ ஒரு பாழாய்ப்போன கிரகத்தில் விழுந்தவர்களாம். முதுகில் ஆக்சிஜன் டப்பா, கையில் துப்பாக்கி, உடம்பெல்லாம் இரும்புக் கவசம். முகம் மட்டும் வெளியே தெரியும். நேற்று சாயங்காலம் எபினேசர் இவர்களுக்குக் கண் வைத்திருந்தான். ஒருத்தனுக்குக் கண் கன்னத்தில் இருந்தது. இன்னொருத்தனுக்கு மூக்கின் மேலேயே இருந்தது. மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அவனுக்கு மரியாதை.

ஃபெபா தோல் நிறத்தைக் குழைத்து ஆறு முகங்களையும் மூடினாள். அது உலர்ந்ததும் ஜீரோ நம்பர் பிரஷ்ஷின் நுனியைக் கூராக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வெள்ளைப் புள்ளி, அதன் நடுவே கறுப்புப் புள்ளி என்று வைத்தாள். தோள்பட்டைக் கவசத்தில் கோடு கோணியிருந்ததை நேராக்கினாள். பிறகு ஆறு பேரையும் அவன் நிறுத்தியிருந்த இடத்திலேயே, பார்த்த திசையிலேயே நிறுத்தினாள். பிரஷ்ஷைக் கழுவி, கழுவின தண்ணீரைக் கீழே கொட்டி, கிண்ணத்தையும் துடைத்து வைத்தாள். பத்து மாதமாக இது நடக்கிறது.

இதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி இருந்ததா என்றால், ஆரம்பத்தில் சத்தியமாக இல்லை. அவள் தொழிலே அதுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் இருசக்கர வாகன டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு ஷாப்பில் ஒன்பது வருஷமாக டச்-அப் வேலை. மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் ஏறினால், வரிசையின் கடைசியில் ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று, தூசி ஒட்டியது, ஒழுகியது, திட்டுத் திட்டாக விழுந்தது எல்லாவற்றையும் கண்டுபிடித்து, தேய்த்து, பூசி, அனுப்ப வேண்டும். சேர்ந்த முதல் நாளே லைன் லீடர் தங்கமணி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“தப்பு கண்டா ஸ்ப்ரே பண்றவங்கிட்ட போய் சொல்லாத ஃபெபா. சொன்னா அவன் கை பயந்துக்கும். பயந்த கை இன்னும் பத்து டேங்க்க கெடுக்கும். நீ சரி பண்ணு, அனுப்பு, வாய மூடிக்க.”

எந்த மேனேஜரும் எழுதி ஒட்டாத சட்டம் இது. ஆனால் டச்-அப் பெண்கள் அத்தனை பேரும் அதைக் காப்பாற்றினார்கள். ஃபெபா திருத்தின டேங்குகள் லட்சம் தேறும். அடித்தவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

எபினேசர் வேலை பார்த்தது வேறு கம்பெனி. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்தப் பிரஸ் அவன் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் முழுசாகவும், மோதிர விரலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. கம்பெனியைக் கெட்ட கம்பெனி என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார்கள், ஹெச்.ஆர். ஆள் ஆப்பிளோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்கலங்கினார். மூன்றாம் மாதம் அதே ஹெச்.ஆர். கையெழுத்தில் கடிதம் வந்தது. நுணுக்கமான கைவேலைக்கு இவர் லாயக்கில்லை, ஆகவே வேலையிலிருந்து விடுவிக்கிறோம் என்று. பிரஸ் வேண்டாம், உட்கார்ந்து கேஜ் வைத்து அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்ஷன் வேலையாவது கொடுங்கள் என்று எபினேசர் கேட்டான். முடியாது என்றார்கள். யூனியன்காரர் கருப்பசாமி, விருதுநகர்ப் பக்கத்து ஆள், கிருஷ்ணகிரி தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பொம்மைகள் வீட்டுக்குள் வந்தன. மாடிவீட்டு சென்னகிருஷ்ணனுக்குப் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களைக் கூட்டி, மேசைமேல் உடைந்த கட்டடங்களையும் சிப்பாய்களையும் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவான். விரலுக்குச் சின்ன வேலை கொடுக்கச் சொல்லி பிசியோதெரபி மேடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெயிண்ட் அடிக்காத சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்து கொடுத்தான்.

எபினேசர் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். கட்டைவிரலுக்கும் பாதி விரலுக்கும் இடையே பிரஷ்ஷைச் சொருகி, நெற்றி வியர்க்க வியர்க்கப் பூசினான். முடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவன் வெளியே போனதும் ஃபெபாவின் கை தானாகவே பிரஷ்ஷை எடுத்தது. தப்பைக் கண்டால் சரி செய், அனுப்பு. மதியம், அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் திரும்பி வந்தவன் பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏ ஃபெபா, நேத்து அசிங்கமா இருந்துச்சே இது!”

“அக்ரிலிக் பெயிண்ட் அப்படித்தாங்க. ஈரத்துல கோணலா தெரியும். காஞ்சா செட் ஆயிடும்.”

நாற்பதை நெருங்கும் ஆள் இதையா நம்புவான் என்று கேட்கலாம். பிரஸ் மெஷினில் எத்தனை டன் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வான். பெயிண்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பெயிண்டில் ஒன்பது வருஷம் இருக்கிறவள், அதுவும் பெண்டாட்டி சொல்கிறாள். அதைவிட முக்கியம், அவனுக்கு நம்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு அவனாகவே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த ஒரு தட்டுச் சோற்றுக்காக இன்னும் ஆயிரம் பொய் சொல்லலாம் என்று ஃபெபாவுக்குத் தோன்றியது.

வினை அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கு விசாரணை அடுத்த திங்கள் என்று சொல்ல வந்த கருப்பசாமி, மேசையில் நின்ற ஆறு பேரையும் பார்த்துவிட்டார். ஒருத்தனை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“எய்யா, இது நீ பண்ணுனதா? கண்ணுமுழி வரைக்கும்லா இருக்கு! நுணுக்கமான வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதுனான்ல, இத அவன் மேசையில வச்சுக் காட்டுவோம். பெறகு என்ன சொல்லுதாம்னு பாத்துக்கிடுவோம்.”

எபினேசர் சிரித்தான். விபத்துக்குப் பிறகு பல் தெரிய அவன் சிரித்ததே அப்போதுதான். ஃபெபா டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஆறு நாள் இருந்தது. வியாழக்கிழமை சுற்றி வளைத்துத் தொடங்கினாள். “பொம்மையெல்லாம் எதுக்குங்க அங்க? டாக்டர் சர்டிஃபிகேட் பத்தாதா?”

“டாக்டர் பேப்பர்ல எனக்கு கை போச்சுன்னு எழுதியிருக்கு. இதுல கை இருக்குன்னு எழுதியிருக்கு. எத காட்டுறது சொல்லு?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது எபினேசர் எழுந்து முன்னால் போனான். சட்டைப் பையிலிருந்து துப்பாக்கிக்காரச் சிப்பாயை எடுத்து உயர்த்திப் பிடித்தான். கர்த்தர் எடுத்த கையைத் திருப்பித் தந்தார், பிரஸ்ஸில் போன விரலுக்குப் பதிலாக இந்த வித்தையைத் தந்தார் என்று சொல்லி அழுதான். சபை முழுக்க அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. ஃபெபாவும் தட்டினாள். கர்த்தர் பேரில் போய்விட்ட பொய்யை இனி எந்த வாயால் திருப்பி எடுப்பது?

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எபினேசர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் டிபன் பாக்ஸ். உள்ளே பஞ்சு சுற்றிய சிப்பாய்கள், கூடவே கருப்பசாமி சொன்னபடி இரண்டு பிரஷ், மூன்று பெயிண்ட் டப்பி, கண் வைக்காத ஏழாவது ஆள் ஒருத்தன். சூளகிரி தாண்டியதும் சொல்லிவிடுவது என்று ஃபெபா முடிவு செய்தாள். பிறகு குருபரப்பள்ளி என்று தள்ளிப்போட்டாள். குருபரப்பள்ளியில் பஸ் நின்றது.

“ஏங்க,” என்றாள்.

“ம்?”

“தண்ணி வேணுமா?”

அலுவலகத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. அலுவலர் வயதான, பொறுமையான மனிதர். கருப்பசாமி ஆறு சிப்பாய்களையும் மேசையில் வரிசையாக நிறுத்தினார். அலுவலர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “அடேயப்பா” என்றார். கம்பெனி சார்பில் வந்திருந்த ஹெச்.ஆர். ஆளும் கையில் எடுத்தார். அவர் முகம் மாறியது. தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவரே யோசிப்பது போலிருந்தது. அந்த இடத்தில் கருப்பசாமி நிறுத்தியிருந்தால் அன்றைக்கே எபினேசருக்கு வேலை கிடைத்திருக்கும்.

“யாரோ வரைஞ்சத கொண்டாந்து காட்டுதோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது சார்,” என்றார் கருப்பசாமி. “ஒங்க கண்ணு முன்னாலயே ஒண்ணு போடட்டும்.”

“இங்க வெளிச்சம் பத்தாதுங்களே,” என்று ஃபெபா குறுக்கே விழுந்தாள்.

“ஜன்னல் இருக்குதில்ல,” என்றான் எபினேசர். அவனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பிரஷ்ஷைச் சொருகிக்கொண்டு குனிந்தான். வெள்ளை வைத்தான், கறுப்பு வைத்தான். அவன் அவசரப்படவில்லை. இரண்டு கண்ணும் முடித்து, சிப்பாயை மேசையில் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு கண் புருவத்துக்கு மேலே இருந்தது. இன்னொன்று தாடையில் வழிந்திருந்தது.

“ஈரத்துல அப்படித்தாங்க சார் தெரியும்,” என்றான் எபினேசர், தெளிவாக. “ஃபேனுக்குக் கீழ சீக்கிரம் காயும், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. காஞ்சா செட் ஆயிடும்.”

அலுவலர் சரி என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ப்யூன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ஃபெபா அந்தப் பத்து நிமிஷமும் தரையைப் பார்த்துக்கொண்டு, பூமி பிளந்து தன்னை விழுங்கட்டும் என்று வேண்டினாள். எபினேசர் மட்டும் சிப்பாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெயிண்ட் காய்ந்தது. தாடையில் இருந்த கண் தாடையிலேயே இருந்தது.

அவன் கை நீட்டி அந்த ஆறு பேரில் ஒருத்தனை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எல்லாம் புரிந்துபோன முகம் அது.

அலுவலர் ஃபெபாவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இந்த ஆறையும் வரைஞ்சது யாரு?”

“அவர்தாங்க சார்,” என்றாள் ஃபெபா. “சத்தியமா அவர்தாங்க. இன்னைக்கு பதட்டத்துல...”

“இல்லைங்க சார்,” என்றான் எபினேசர். “எல்லாம் அவ பண்ணது.”

கருப்பசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹெச்.ஆர். ஆள் எழுந்து வெளியே போய் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே உதவி செய்யத்தான் நினைத்தார். இன்ஸ்பெக்ஷன் வேலையில் ஒரு இடம் இருக்கிறது, எபினேசரால் அது முடியாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதே இடத்தில் அவர் மனைவியை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள நிர்வாகம் சம்மதிக்கிறது, வழக்கை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். “இந்த மாதிரி கை எங்களுக்குக் கிடைக்காதும்மா,” என்றும் சொன்னார்.

“வேணாங்க சார்,” என்றாள் ஃபெபா. “எனக்கு வேணாம். அது அவரோட வேலை.”

எபினேசர் சிப்பாய்களைப் பஞ்சில் சுற்றி டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டிருந்தான். தாடையில் கண் உள்ளவனை மட்டும் எடுக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டான்.

“எழுதிக்குங்க சார்,” என்றான். “நல்ல வேலைக்காரி. கூடவே இருப்பா, என்ன பண்றான்னு பக்கத்துல இருக்கறவனுக்கே தெரியாது.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுத்தவர் முன்னால் அவன் அவளைப் புகழ்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. ஃபெபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அலுவலர் வழக்கை முடித்துக்கொள்வதாகக் காகிதத்தில் எழுதி, அதை முதலில் எபினேசர் பக்கம் தள்ளினார். அவன் பேனாவை இடது கையில் வாங்கினான்.