மட்கார்டைத் தாண்டிய சக்கரம்

தங்கையின் கணவனுக்குத் தெருவில் வெடி என்று பெயர். அவன் கார் தெருமுனையைத் திரும்பும் முன்பே அதன் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்னால் குழாய் படபடவென்று வெடிக்கும். ஆள் என்னவோ சாது. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கிக்கொண்டு நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். அவன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துவைத்து அந்தக் கார் பேசிவிடுகிறது என்று அக்கா கேலி செய்வாள்.

அக்காவின் கணவர் வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஆய்வாளர். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு காரும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கொட்டகைக்கு வந்து அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். அக்கா, தங்கை இருவருடைய அப்பா உயிரோடு இருந்தவரை, எனக்கு ஒரு மாப்பிள்ளை சட்டம், இன்னொரு மாப்பிள்ளை சத்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சகலைகள் இருவருக்கும் அதில் வருத்தமில்லை. ஒருவர் தட்டில் இருப்பதை இன்னொருவர் எடுத்துச் சாப்பிடும் அளவுக்கு ஒட்டுதல்தான்.

அந்த வருஷம் வெடி தன் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தபோது ஆய்வாளர் அதைத் திருப்பி அனுப்பினார். சத்தம் அளக்கும் கருவியைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்ததுமே முள் எல்லையைத் தாண்டிப் போய் நின்றது. அது அவர் எதிர்பார்த்ததுதான். அவர் முகம் மாறியது சக்கரத்தைப் பார்த்த பிறகு. காருக்கு உரியதைவிட அகலமான சக்கரங்களைப் போட்டு, அவை இன்னும் வெளியே தெரியவேண்டும் என்று சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஸ்பேசர் என்கிற அலுமினிய வட்டையை வைத்திருந்தான் வெடி. மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குநூலைத் தொங்கவிட்டால் டயர் நூலுக்கு வெளியே நின்றது.

"ரெண்டு விரக்கடைதானே அண்ணா" என்றான் வெடி.

"ரெண்டு விரக்கடை வெளிய போனா போல்ட்டு மேல எவ்வளவு பாரம் கூடும் தெரியுமா? கழட்டிட்டு வா. சத்தத்துக்கு நான் வேணா சிரிப்பேன். இதுக்குச் சிரிக்க மாட்டேன்."

வெடி முறைத்துக்கொள்ளவில்லை. பழைய சக்கரங்களை மாட்டி, ஒழுங்கான சைலன்சர் ஒன்றையும் பொருத்திக்கொண்டு திரும்பி வந்தான். கருவியும் தூக்குநூலும் சரி என்றன. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

தங்கை அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அக்காவும் ஆய்வாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வாசலில் கார் நின்றது. சைலன்சர் அப்படியே இருந்தது. அகலச் சக்கரங்கள் மட்டும் திரும்பி வந்திருந்தன. வெடி அதை மறைக்கவும் முயலவில்லை. சத்தம் போட்டால்தானே போலீஸ் திரும்பிப் பார்க்கும், சக்கரம் வாயில்லாப் பூச்சி, அது யார் காதில் விழப்போகிறது என்றான்.

வீடு திரும்பியதும் ஆய்வாளர், காலையில் நிலையத்தில் அந்தச் சக்கரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் செல்லாது, காரைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அக்கா விடவில்லை. தங்கை அடிக்கடி மருத்துவரிடம் போகவேண்டியிருக்கிறது, இந்த நேரத்தில் அவளை நடக்க வைக்கலாமா, தாயில்லாப் பெண்ணுக்கு நாமே குழி பறிக்கலாமா என்று கேட்டாள். ஆய்வாளர் வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வெடிக்குப் போன் செய்து, அதுவரை அக்கா கேட்டிராத குரலில் பேசினார். மாசக் கடைசிக்குள் கழற்றிவிடுகிறேன் என்று வெடி வாக்குக் கொடுத்தான். எழுதிக் கொடுக்கும் பேச்சை ஆய்வாளர் அதற்குமேல் எடுக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது யாருக்காக என்று அக்காவுக்குத் தெரியும்.

மாசக் கடைசி வருவதற்குள் குழந்தைக்கு மரக்கட்டில் வாங்கும் நாள் வந்தது. தங்கையால் கடை கடையாக ஏற முடியாது என்பதால் அக்கா தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதிநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வெடியோடு போனாள். கட்டிலைக் கழற்றிய பலகைகளாகவே வாங்கிப் பின்சீட்டில் அடுக்கினார்கள். திரும்பும் வழியில், மேட்டுச் சாலையிலிருந்து கடைவீதிக்கு இறங்கும் சரிவில், முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. ஸ்டீயரிங் அவன் கையில் நடுங்குவதை அக்காவே பார்த்தாள்.

"என்ன தம்பி இது?"

"வீல் நட்டு இளகியிருக்கும் போல. நேத்தே ஆடிச்சு. ஞாயித்துக்கிழமை பாக்கணும்."

"நிறுத்தி ஒரு தடவை பாத்துடேன்."

"இதோ வீடு வந்துடுச்சு அக்கா."

அடுத்து நடந்ததை அக்காவால் வரிசையாகச் சொல்ல முடிந்ததில்லை. காரின் மூக்கு ஒரு பக்கமாகத் தரையில் இடித்தது. பலகைகள் அவள் முதுகில் மோதின. காரின் முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு சக்கரம் அவர்களை முந்திக்கொண்டு சரிவில் ஓடியது. அது யாருடைய சக்கரம் என்று ஒரு கணம் அவள் யோசித்தாள். நடைபாதை விளிம்பில் பட்டு அது இடுப்புயரத்துக்கு எழும்பியது. மருந்துக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிக்கு எழுந்திருக்க நேரமில்லை.

வெடிதான் முதலில் ஓடினான். அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவருடைய மேல்வரிசைப் பொய்ப்பல் தெறித்து நடைபாதையில் கிடந்தது. அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தான். ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அது அவன் கையிலேயே இருந்தது. போலீஸ்காரர் கேட்டபோதுதான் விரல்களைப் பிரித்துக் கொடுத்தான். காவலாளி வழியிலேயே இறந்துபோனார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சகலைக்குச் சகலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், அதனால் ஒரு உயிர் போனது என்றுதான் பேச்சு. கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கார் சரியாகத்தான் இருந்தது என்று ஆய்வாளர் நிரூபித்திருக்கலாம். அவர் மேலதிகாரியிடம் தானாகவே போய், பிறகு அந்தச் சக்கரத்தைக் கண்ணால் பார்த்ததையும் எழுதிக் கொடுக்காமல் இருந்ததையும் சொன்னார். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, குடும்பம் என்று மட்டும் சொன்னாராம். மனைவி தடுத்தாள் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வெடி போலீஸிடம், எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று சக்கரம் கழன்றுவிட்டது என்று சொல்லியிருந்தான். ஆடுவது தெரிந்தே ஓட்டினான் என்றால் வழக்கு வேறு மாதிரி போகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். காரில் இருந்த இன்னொரு ஆள் அக்கா ஒருத்திதான்.

தங்கை மாசமான வயிற்றைத் தாங்கிக்கொண்டு மூச்சிரைக்க அக்கா வீட்டுப் படியேறி வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நீ பொய்யே சொல்ல வேணாம். ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான் கேக்கறேன்."

அக்கா தலையாட்டினாள். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று அவளும் முடிவு செய்திருந்தாள். போனவர் திரும்பி வரப்போவதில்லை, பிறக்கப்போகிற குழந்தைக்கு அப்பன் வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கணவரிடமும் சொன்னாள். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.

விசாரணை நாளன்று அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் ஒரு வயதான அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு கை உடைந்து நூலால் கட்டியிருந்தது. அக்கா தொழில் பழக்கத்தில் அதைத்தான் முதலில் பார்த்தாள். அந்தப் பவர் அவள் கண்ணுக்குப் போதவில்லை என்பதும் தெரிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் இவள் யார் என்று விசாரிக்கவில்லை. யாராவது பேச்சுத்துணைக்குக் கிடைத்தால் போதும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். தன் வீட்டுக்காரர் கடை வாசலில் காவல் இருந்தவர் என்றாள். அன்றைக்குக் கால்வலி என்று உட்கார்ந்துவிட்டாராம், இல்லாவிட்டால் நின்றுகொண்டே இருக்கிற ஆளாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாருக்குமே முன்னாடி தெரியாதாமே. திடீர்னு கழண்டுதாமே. விதின்னு சொல்றாங்க. அப்படித்தானாம்மா?"

அதற்குள் அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள்.

விசாரணை அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார், கார் ஓடும்போது ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று. ஞாபகம் இல்லை என்ற சொல் வாய்வரைக்கும் வந்திருந்தது.

"ஆடிச்சு" என்றாள் அக்கா. "நேத்தே ஆடிச்சுன்னு சொன்னார். நான் நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தலை."

அதற்குமேல் கேட்காமலே, தன் வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கப் போனபோது தடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். அதிகாரி இந்த வழக்குக்கு அது தேவையில்லை என்றார். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவள் கண்ணைப் பார்க்காமல் நடந்தாள்.

வெடிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்புச் சொல்லும்போது அவன் அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வக்கீலிடம், அக்கா மேல் கோபமில்லை என்று சொன்னதாக ஒரு பேச்சு வந்தது. வக்கீல் அதைத் தானாகச் சேர்த்துச் சொன்னாரா என்று அக்காவுக்குக் கடைசிவரை சந்தேகம். ஆய்வாளரை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் கொட்டகைக்கு அனுப்பவில்லை, ஜன்னலுக்குப் பின்னால் கட்டணம் வாங்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். வீட்டில் அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்ற அளவில் இருவருக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி பக்கத்து வீட்டுப் பெண் மூலமாகத்தான் அக்காவுக்கு வந்தது. பெண் குழந்தை. கேட்டவுடன் கடையிலிருந்து அப்படியே ஓடினாள். மருத்துவமனை வார்டில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் உறவுக்கூட்டம், சிரிப்பு, யார் ஜாடை என்ற வாக்குவாதம். தங்கையின் கட்டிலைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டிலில் குழந்தை முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கியது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தொடவில்லை. வெந்நீர் வேண்டுமா என்று கேட்டாள், போர்த்திவிடட்டுமா என்று கேட்டாள். தங்கை திரும்பாமலே பேசினாள். குரலில் சண்டை இல்லை.

"நீ உள்ளதைத்தான் சொன்ன. அது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லித்தான் ஆகணும். அதுவும் தெரியும்."

அக்கா அவள் தோளில் கை வைக்கப் போனாள்.

"தெரியும்கறதால உன் முகத்தைப் பாக்க முடியுமா? இப்ப போயிடு அக்கா."

அக்கா எழுந்தாள். தரையில் கிடந்த தங்கையின் செருப்பைக் கால் எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஒரு நர்ஸ், நீங்கள் அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா, ராத்திரி துணைக்கு ஆள் இல்லையே என்று கேட்டாள். அக்கா தங்கையின் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.