கழற்றத் தெரிந்தவன்

தையல்காரியின் புருஷன் வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவன் இல்லை. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். அப்படிப்பட்ட மகராசன் ஒருநாள் திடுதிப்பென்று விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அடுத்து குழாய். அடுத்து மிக்ஸி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை தாங்காமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எங்க அண்ணனா? அண்ணி, நீங்க ஏதோ மருந்து வச்சுட்டீங்க. உண்மையைச் சொல்லுங்க!" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், வாய்த்துடுக்கு அதிகம். இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட வரம் அல்லவா அது.

வேலை இடத்திலும் ஒரே புகழ்ச்சி. நாலு ஆள் வேலையை ஒருத்தனே செய்கிறானாம், சோறு தண்ணிகூடக் கேட்பதில்லையாம். வீட்டிலும் கேட்பதில்லைதான். தட்டில் வைத்தது வைத்தபடி காய்ந்துகிடந்தது. பேன்ட் இடுப்பு தொளதொளவென்று ஆனதால் அவள் பிடித்துத் தைத்தாள். மறுபடி தொளதொளத்தது, மறுபடி பிடித்தாள். கடைசியில் பின்பக்கப் பை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இனிப் பிடிக்க இடமில்லை. அப்போதுதான் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

யோசிக்க ஆரம்பித்தால் அது நிற்கிறதா? அவன் கண்ணயர்ந்து பார்த்தே நாளாகிவிட்டது. பேச்செடுத்தால் ஓயமாட்டேன் என்கிறான், பேசாத நேரத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். வாசலில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் போதும், ஜன்னல் துணியை விலக்கி, "என்னைத்தான் வேவு பார்க்கறாங்க" என்கிறான். ஒருநாள் மெல்லக் கேட்டதற்கு எரிந்து விழுந்தான்.

"வேலை செய்யலைன்னாலும் குத்தம், செஞ்சாலும் குத்தமா? என்னதான்டி பண்ணணும் நான்?"

அவள் திரும்பிப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷமாக அதைச் செய் இதைச் செய் என்று நச்சரித்தவள் அவள்தானே.

அப்புறம் வந்தது அந்தக் காலை. நூல் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய தையல் மெஷின் அக்கக்காகக் கழன்று, தரையில் விரித்த போர்வைமேல் கிடந்தது. திருகாணிகள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசை பிசகாமல் கிடந்தன. கட்டியிருந்த லுங்கியால் மெஷினின் வெற்று உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான் அவன்.

"ஐயையோ, என்னங்க இது! சாயங்காலத்துக்குள்ள சட்டையெல்லாம் குடுக்கணுமே!"

"முடிஞ்சுது. ஓட்டிப் பாரு."

"எதை ஓட்டறது? எல்லாம் கீழ கிடக்கே!"

"எல்லாம் மாட்டியாச்சு. எண்ணெயும் விட்டாச்சு. சும்மா பட்டு மாதிரி ஓடும்."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. வாசல் வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது, பக்கத்தில் நின்ற அவளுக்கே கண் கூசியது. அவனுக்குக் கூசவில்லை. அந்த வெளிச்சத்திலும் கருமணி சுருங்காமல் அகலத் திறந்து கிடந்தது. அந்தக் கண்ணால் போர்வையைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"ஆஸ்பத்திரி லிஃப்டுல கடைசி ரெண்டு திருகாணிதான் பாக்கி, இன்னைக்கு ஓட விட்டாகணும்" என்று பேன்ட் சட்டையை மாட்டிக்கொண்டு கருவிப் பையோடு கிளம்பிப் போய்விட்டான். அவள் உடனே நாத்தனாரை அழைத்தாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தில் சிரிப்பு அடங்கியது.

"அண்ணன் தூங்கறாரா?"

"இல்ல."

"சாப்பாடு?"

"தொடறதில்ல."

"வெளிச்சத்துல கண்ணு சுருங்குதா?"

"இல்லடி. அதைத்தானே சொல்றேன்."

"அண்ணி, நான் டாக்டர் இல்ல. வேற நோயாக்கூட இருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தூக்கம் வராம இருக்கணும்னு மாத்திரை, பொடின்னு போடறவங்க இருக்காங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட இந்த முழியை நான் பார்த்திருக்கேன். சண்டை போடாதீங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். அதுவரைக்கும் வேலைக்கு மட்டும் விட்டுடாதீங்க."

"போயிட்டாரே!"

போனை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். மெஷின் என்றால் ஊசி உடையும், நூல் அறுந்து போகும். லிஃப்ட்? அதை அவள் நினைத்துப் பார்க்கவே பயந்தாள். வழியெல்லாம் மனசு இழுபறியாக இருந்தது. சந்தேகம் தப்பென்றால், தன் புருஷன் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டவள் ஆவாள். சரியென்றால்? நினைக்க நினைக்கக் கால் ஓட்டமெடுத்தது.

ஆஸ்பத்திரிக்குள் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. வேலை முடிந்துவிட்டது. பல நாளாகப் படியேறிக் களைத்த சனம் முன்னால் கூடி நின்றது. காலில் கட்டுப்போட்ட பெண்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் அம்மா தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டட மேலாளர் கதவைப் பிடித்தபடி, "வாங்க, வாங்க" என்றார். அவன் அந்த ஏசி குளிரிலும் வேர்வை சொட்ட நின்றான்.

"அட, சரியான நேரத்துக்கு வந்தே! சார், இவதான் என் வீட்டுக்காரி. முதல்ல இவதான் ஏறுவா."

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கை வச்ச லிஃப்டு, உங்களுக்கென்ன பயம்!" என்றார் மேலாளர்.

அவள் அவன் காதோரம் போய், "மேல மோட்டார் ரூமுக்குப் போய் வேற யாராவது சரி பார்த்தாங்களா?" என்றாள்.

"நான் இருக்கறப்ப வேற ஆள் எதுக்கு? எல்லாம் மாட்டியாச்சு."

காலையில் கேட்ட அதே குரல். துளிகூடச் சந்தேகம் இல்லாத குரல்.

"என்னங்க, எனக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம், வாங்க."

"ஏறு முதல்ல." அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். எலும்பு நொறுங்குகிற பிடி. அவனைப் பார்த்து அவள் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குள் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் லிஃப்ட் வாசலைத் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த கண்ணாடியில் அந்தப் பெண்பிள்ளை தன் முகத்தைப் பார்த்துப் பல்லிளித்தது.

அவள் இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறாதீங்க. யாரும் ஏறாதீங்க."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் மேலாளர்.

"இவருக்கு உடம்பு சரியில்ல சார். எதைக் கழட்டினார், எதை மாட்டினார்னு இவருக்கே தெரியாது. வேற ஆளை வரவழைச்சுப் பாருங்க."

எல்லோரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் அவனைப் பார்த்தார்கள், நின்று நிதானமாக. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. மேலாளர் கதவைச் சாத்தி, போனை எடுத்து அவன் கம்பெனியை அழைத்தார். "இனிமே இந்த ஆளை அனுப்பாதீங்க" என்றது எல்லோர் காதிலும் விழுந்தது.

அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. அடி வாங்கியவன்போல அவள் முகத்தையே பார்த்தான்.

"நீயாடி சொன்னே?"

"ஆமாங்க, நான்தான்" என்று சொல்லி, விலகப் போன அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.