நாலு விரல் ஓரம்

வாசல் படலையில் கட்டியிருந்த பதாகையின் ஒரு பக்கக் கயிற்றை ஏரம்பு பெரியப்பா அறுத்துவிட்டார். மறுபக்கக் கயிற்றில் கத்தியை வைக்கும்போதுதான் நிவேதனா ஓடிவந்தாள்.

"பெரியப்பா, பொறுங்கோ!"

"என்னத்தைப் பொறுக்கிறது? உந்தப் பதாகையை வாசிச்சனியே, பிள்ளை?"

வாசித்தாள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு, அப்பாவின் படம். 'தியாகராசா, முன்னாள் செயலாளர், மரக்கறிச் செய்கையாளர் சங்கம்.' எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: 'கலப்பில்லாத மரக்கறி, நம்பி வாங்கலாம்.'

விறாந்தையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவரைப் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் பதாகையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதை அவளும் கண்டாள். வெட்கமாக இருந்தது.

"செத்த வீட்டிலை மரக்கறி விக்கினமோ? என்ரை தம்பியைச் சனம் பகிடி பண்ண விடமாட்டன்."

சங்கத்தின் இப்போதைய செயலாளர் தயாளினி வேலியோரம் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பிழை என்ரைதான். ஐயா எழுதிவைச்ச தாளைப் பார்த்துச் செய்தனான்."

அந்தத் தாளை நிவேதனாவுக்குத் தெரியும். பெயர்ப்பலகை, சாக்கு, பற்றுச்சீட்டு, பதாகை எல்லாவற்றிலும் ஒரே எழுத்துருதான் இருக்கவேண்டும் என்று அப்பா இருபது வருடம் ஒற்றைக்காலில் நின்றவர். சாக்கு தம்புள்ளைச் சந்தைக்குப் போனாலும் எழுத்தைப் பார்த்தே எங்கள் சண்டிலிப்பாய்ச் சாக்கு என்று தெரியவேண்டுமாம். 'நம்பி வாங்கலாம்' என்ற கீழ்வரி கட்டாயம். பதாகையில் எழுத்துக்கும் ஓரத்துக்கும் இடையில் நாலு விரல் இடம் விடவேண்டும். யாருடைய விரல் என்று நாளைக்குச் சண்டை வரும் என்று தன் கையையே தாளில் வைத்துப் பேனையால் சுற்றி வரைந்திருந்தார். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

அவர் ஓய்வுபெற்றதும் சங்கத்தில் ஆளுக்கொரு எழுத்து. பூ வைத்த எழுத்து, நிழல் விழுந்த எழுத்து, வாசிக்கவே முடியாத எழுத்து. மூன்று தரம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு சந்தைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். தன் தாளை ஒருவரும் விரித்தும் பார்க்கவில்லை என்ற மனக்குறையோடுதான் போய்ச்சேர்ந்தார்.

"அந்தத் தாள் எங்கை இருந்தது, அக்கா?"

"சங்க மேசை லாச்சிக்குள்ளை. செய்தி கேட்டோடனை தேடி எடுத்தனான். ஐயாவின்ரை பதாகையை எண்டாலும் ஐயா சொன்ன மாதிரிச் செய்யவேணும் எண்டு நினைச்சன். கீழ்வரி இல்லாமல் ஒண்டும் வெளியிலை போகக்கூடாது எண்டு சிவப்பாலை எழுதியிருந்தவர்." தயாளினி பெரியப்பாவின் கத்திக்குக் கை நீட்டினாள். "அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுறன்."

நிவேதனா மறுபடி பார்த்தாள். இவ்வளவு நேரமும் வரியைத்தான் வாசித்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. பூவும் நிழலும் இல்லாத, நிமிர்ந்த எழுத்து. அப்பாவின் எழுத்து.

"வெட்டவேண்டாம், அக்கா. பெரியப்பா, அந்தக் கயித்தைத் திருப்பிக் கட்டுங்கோ."

"சனம் சிரிக்கும், பிள்ளை."

"சிரிக்கட்டும். நானும் சிரிச்சனான்தானே."

பெரியப்பா அவளையே பார்த்தார். பிறகு விறாந்தைப் பக்கம் பார்த்தார். கத்தியை மடக்கி மடிக்குள் செருகிக்கொண்டு, அறுந்த கயிற்றைத் தானே முடிந்து இழுத்துக் கட்டினார். பதாகை சரிந்திருக்கிறதா என்று பின்னால் போய் நின்றும் பார்த்தார்.

மத்தியானம் பறை முன்னே போக, பாடை படலையைத் தாண்டியது. பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். ஒப்பாரி ஓய்ந்ததும் வீடு கழுவ ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

நிவேதனா போகவில்லை. பதாகையின் ஓரத்தில் கையை வைத்து நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தாள். எழுத்துக்கும் விரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

அப்பாவின் விரல்கள் தடிப்பு.